அடிக்காடு எடுக்க 22 அங்குல மெஷின் எதற்கு? சின்ன செயின் ரம்பமும் இழுப்பு ரம்பமும்: ஒரு மதிப்பீடு

மதுரையில் மரம் அறுக்கிற மெஷின் வேண்டும் என்று கடையில் கேட்டால், முதலில் மேசைக்கு வருவது 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) போட்ட மெஷின்தான். விலை குறைவு, சத்தம் பெரிது, பார்வைக்கும் மிரட்டல். தோப்புக்குள் அடிக்காடு, அதாவது மரத்தடிப் புதர், எடுக்கவும் கவாத்துப் பண்ணவும் அதை வாங்குவது, கொத்தமல்லி நறுக்க வெட்டரிவாளைத் தூக்குகிற கதை. இந்த வேலைக்கு 30 சிசி சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்ன மெஷின், கூடவே இழுக்கும்போது அறுக்கிற கைரம்பமான நல்ல இழுப்பு ரம்பம் ஒன்று. இது போதும். சின்ன மெஷின்களில் அதிகம் பேசப்படுவது ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180 என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

பெரிசு ஏன் ஆகாது என்பதற்கு எடை மட்டும் காரணமில்லை. பாரின் மூக்கு நுனி, அதிலும் மேல் கால்பகுதி, ஓடுகிற வேகத்தில் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். சீமைக் கருவேலப் புதரில் ஒரே தூரிலிருந்து ஏழெட்டுத் தண்டு கிளம்பியிருக்கும். முன்னால் இருக்கிற தண்டை அறுக்கும்போது 22 அங்குல பாரின் மூக்கு பின்னால் மறைந்திருக்கிற தண்டில் போய் முட்டும். அறுப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. 14 அங்குல பாரில் மூக்கு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் பார்வையில் இருக்கும். எகிறினாலும் முன் கைக்காப்பு மணிக்கட்டில் பட்டு செயின் பிரேக் விழ வேண்டும். பிரேக் வேலை செய்யாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அடிமரத்திலேயே இரண்டடி குறுக்களவுள்ள புளியைச் சாய்க்கிற வேலை என்றால் 58 சிசி சரிதான். அது வேறு வேலை, அதற்கு வேறு ஆள்.

எம்.எஸ். 180 மெஷினின் எஞ்சின் கொள்ளளவு 31.8 சிசி, பார், செயின் இல்லாமல் எடை சுமார் 4 கிலோ. 14 அங்குல பாருக்கு 50 பற்கண்ணி (பாரின் பள்ளத்தில் ஓடுகிற செயின் கண்ணி), 16 அங்குலத்துக்கு 55 கண்ணி. கடைக்காரர் 16-ஐத் தள்ளப் பார்ப்பார். அடிக்காட்டுக்கு 14-ஐக் கேட்டு வாங்குங்கள். தொடை பருமனுள்ள கருவேலத்தை முனகாமல் அறுக்கும். ஒரு அடி குறுக்களவைத் தாண்டினால் திணறும். அப்போது அழுத்தக் கூடாது. அழுத்தினால் கிளட்ச் சூடாகுமே தவிர வெட்டு இறங்காது. டேங்க் கால் லிட்டர்தான் என்பதால் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டரும் சின்னது. காய்ந்த கருவேலத்தின் தூள் மாவு மாதிரி இருப்பதால் தினம் மாலை கழற்றித் தட்டாவிட்டால் மறுநாள் மெஷின் இழுக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது ஸ்டார்ட் பண்ணும்போதுதான். சோக் போட்டு இழுக்கும்போது ஒருமுறை 'டப்' என்று இருமும். அந்த நொடியே சோக்கை எடுத்து அடுத்த நிலைக்கு வைத்து இழுக்க வேண்டும். இருமலைக் கவனிக்காமல் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்துவிடும். பிறகு கை வலித்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை ஆஃபில் வைத்து ஆறேழு முறை வெறுமனே இழுத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றிவிட்டு மாட்டினால் சரியாகும்.

பெட்ரோல் கலவையில் அலட்சியம் வேண்டாம். இந்த மெஷினுக்கு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்). பெயர் தெரியாத 58 சிசி மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் 25-க்கு 1 என்று இருக்கும்; லிட்டருக்கு 40 மில்லி. இரண்டுக்கும் ஒரே கேனில் கலந்து வைத்தால் ஒன்று புகையும், அல்லது மற்றொன்று பிஸ்டன் பிடிக்கும். மூடியில் ஊற்றிக் கண்ணளவாகக் கலப்பதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தகட்டை விறைக்க வைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

செயினுக்கு ஊற்றுகிற ஆயில் தனி. எரிந்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவது ஊருக்கு ஊர் பழக்கம். அதில் இரும்புத்தூள் இருக்கும், பம்ப்பை அடைக்கும், பாரின் பள்ளத்தையும் தின்னும். அதில் மிச்சம் பிடித்த காசு ஒரு புது பாருக்குக் கூடக் காணாது.

அரம் போடுவதுதான் இந்தத் தொழிலின் பாதி. இந்த செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 58 சிசி மெஷின்களின் செயினுக்குப் பெரும்பாலும் 4.8. அளவு மாறினால் பல்லின் கொக்கி வடிவமே கெட்டுவிடும். 30 டிகிரி சாய்வில், முன்னோக்கி மட்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டு மூன்று தேய்ப்பு. கூர் போனதைக் கண்டுபிடிக்கக் கையால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிலிருந்து சீவல் சீவலாக விழுந்தால் சரி. தூளாக விழுந்தால் அரம் எடுங்கள். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் அந்தப் பக்கத்துப் பல் நீளமாகவோ கூராகவோ இருக்கிறது என்று அர்த்தம்.

நம் பக்கத்துக் கருவேலத்தில் இன்னொரு தொல்லை. அடித்தண்டின் பட்டை வெடிப்பெல்லாம் மணலும் செம்மண்ணும் அப்பியிருக்கும். அப்படியே மெஷினை வைத்தால் இரண்டு வெட்டில் செயின் மழுங்கும். வெட்டுகிற இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டு அறுத்தால் செயின் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். திருப்பாச்சேத்தி அரிவாள் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோதும் சரி, இப்போதும் சரி, பலர் செய்கிற தவறு தரையோடு அறுத்துவிட்டுப் போவது. மண்ணுக்குக் கீழே தூரில் மொட்டு உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்தால் ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். மெஷினால் கிளைகளைக் கழித்து, தண்டை இடுப்பு உயரத்துக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கட்டையைப் பிடித்து ஜேசிபியில் நெம்பினால் தூர் வேரோடு வரும். விரல் பருமன் கன்றுகளுக்கு மெஷினே வேண்டாம். ஐப்பசி மழையில் மண் இளகியதும் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கலாம். முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும் என்பதால் தடித்த அடியுள்ள பூட்ஸ் கட்டாயம். லுங்கியோடு மெஷின் பிடிக்கவே கூடாது.

இனி கைரம்பம். மா, கொய்யா, வேம்பு கவாத்துக்கு 30 செ.மீ. நீளமுள்ள வளைந்த இழுப்பு ரம்பம் மெஷினை விடச் சுத்தமாக வெட்டும். இழுக்கும்போதுதான் அறுக்கும், தச்சர் ரம்பம் பிடித்துப் பழகியவர்கள் தள்ளும்போது அழுத்துவார்கள், தகடு மடங்கிவிடும். பல் நுனி கருநீலமாக இருந்தால் அது கடினமாக்கப்பட்ட பல்: வெகுநாள் கூராக இருக்கும், ஆனால் அரம் பிடிக்காது, மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றுத் தகடு கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். வேப்பம்பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

மணிக்கட்டைவிடப் பருத்த கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து முழு வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மீதிக் கட்டையை, கிளை தொடங்குகிற இடத்தில் வளையம் மாதிரி புடைத்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே எடுங்கள். புடைப்பையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது. நீளமாக விட்டால் கட்டை பட்டுப்போய் உள்ளே அழுகும். நத்தம், அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளில் அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இதைச் செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூச வேண்டும்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர்.

குட்டி பேட்டரி ரம்பங்களும் இப்போது நிறைய வருகின்றன. கொய்யா, எலுமிச்சைக்கு வசதிதான். ஆனால் பலவற்றில் ஆயில் தானாக வராது, கையால் விட வேண்டும். ஒற்றைக் கையில் பிடித்து மற்றொரு கையால் கிளையைப் பற்றும் ஆசையும் வந்துவிடும். ஏணியில் நின்று எந்த செயின் ரம்பமும் வேண்டாம். உயரத்துக்குத் தொரட்டியில் கட்டிய இழுப்பு ரம்பமே போதும், அதுவும் மின்கம்பி அருகே இல்லாத இடத்தில் மட்டும்.

ஸ்டில் மாதிரியே ஆரஞ்சும் வெள்ளையும் பூசிய போலி மெஷின்கள் சந்தையில் உண்டு. பாடியில் வரிசை எண் பொறித்திருக்கிறதா, அது பில்லிலும் ஏறுகிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் கடைவாசலிலேயே மெஷினை ஓடவிட்டு, பார் மூக்கை ஒரு அட்டைக்கு அரையடி மேலே காட்டி முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பத்து நொடிக்குள் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் வேறு மெஷினை எடுத்துவரச் சொல்லுங்கள்.