ஒன்பது வருடம், 94,000 கிலோமீட்டர்: என் மாஸ்டா ரோட்ஸ்டர்

"ஜப்பான்ல இருக்கீங்க. ஸ்போர்ட்ஸ் கார்னு எடுத்தா ஒரு நிசான் ஜிடிஆர் எடுத்திருக்க வேண்டாமா?" ஊரிலிருந்து வரும் நண்பர்கள் என் வண்டியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 131 குதிரைத்திறன் என்று சொன்னால் முகம் இன்னும் வாடும். வாயால் விளக்காமல் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய்விட்டு வருவதுதான் என் வழக்கம். இப்போது ஓடோமீட்டர் 94,000-ஐத் தாண்டிவிட்டது. ஒருமுறை உட்கார்ந்து எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

2016 இலையுதிர் காலத்தில் யோகோஹாமாவில் புதிதாக எடுத்தேன். என்டி எனப்படும் நான்காம் தலைமுறை ரோட்ஸ்டர், எஸ் ஸ்பெஷல் பேக்கேஜ் ரகம், இரண்டே சீட், மடித்துத் திறக்கும் துணிக்கூரை, ஆறு கியர் மேனுவல், சிவப்பு நிறம். வரியோடு 27 லட்சம் யென். ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில், வண்டி ஓடுவது சாலையின் இடப்பக்கம். நம்ம ஊரில் ஓட்டிப் பழகிய கைக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சந்தைகளில் இதே வண்டிக்கு 2 லிட்டர் எஞ்சினும் உண்டு. நான் வாங்கிய காலத்தில் ஜப்பானில் துணிக்கூரை என்றால் 1.5 லிட்டர் மட்டுமே. அப்போது அது ஒரு குறையாகத் தெரிந்தது. இன்று இரண்டையும் எதிரே நிறுத்தித் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் 1.5-ஐத்தான் எடுப்பேன்.

ஏன் என்றால், இந்த எஞ்சினை முழுதாகப் பயன்படுத்த முடிகிறது. 150 நியூட்டன் மீட்டர் டார்க் 4,800 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, முழுத் திறன் 7,000-இல், எஞ்சின் தாண்டக் கூடாத எல்லையான சிவப்புக் கோடு 7,500-இல். மிதித்தால்தான் ஓடும் எஞ்சின். எக்ஸ்பிரஸ்வேயில் சேரும் சரிவுச் சாலையில் இரண்டாவது கியரைச் சிவப்புக் கோடு வரை இழுத்தால் மணிக்கு நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். இங்கே எக்ஸ்பிரஸ்வேயில் பொதுவான வேக வரம்பே நூறுதான். அதாவது, ஒரு எஞ்சினின் அடித்தொண்டை முதல் உச்சக் குரல் வரை கேட்டுவிட்டு, ஒரு சட்டத்தையும் மீறாமல் பிரதான லேனில் கலந்துவிடலாம். தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது எனக்கு இது கிடைக்கிறது. 400 குதிரைத்திறன் வண்டி வைத்திருக்கும் நண்பர் அந்த அனுபவத்துக்கு வருடத்தில் இரண்டு நாள் ரேஸ் டிராக்குக்குப் பணம் கட்டிப் போகிறார்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேசவே முடியாது. 'எஸ்' என்ற அடிப்படை ரகம் 990 கிலோ, என்னுடையது 1,010. மோதல் பாதுகாப்பு விதிகள் வருடத்துக்கு வருடம் இறுகி, எல்லா வண்டிகளும் பருத்துக்கொண்டே போன காலத்தில் ஹிரோஷிமாவின் மாஸ்டாக்காரர்கள் இந்த எண்ணைச் சாதித்திருக்கிறார்கள். பானெட், முன் ஃபெண்டர், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். சக்கரத்தைப் பாருங்கள்: முந்தைய தலைமுறையில் ஐந்து நட்டு, இதில் நான்கு. வண்டி லேசாகிவிட்டதால் நான்கு போதும், நான்கு போதுமென்றால் சக்கரமும் லேசாகிறது. கியர்பாக்ஸில் ஆறாவது கியர் நேரடி இணைப்பு. மற்ற வண்டிகளில் பொதுவாக மேல் கியர் ஓவர்டிரைவாக, அதாவது வெளிவரும் தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும்படி, இருக்கும். இங்கே ஆறாவதையே ஒன்றுக்கு ஒன்றாக வைத்து, பின்அச்சின் விகிதத்தை அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். நீண்ட பயணத்தில் உராய்வும் குறைகிறது, கியர்பாக்ஸின் எடையும் குறைகிறது. முதல் முறை டயர் மாற்றும்போது அந்த நான்கு நட்டையும் நானே கழற்றிச் சக்கரத்தைத் தூக்கினேன். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தூக்க முடிந்தது. பட்டியலில் படித்த அலுமினியமும் கிராம் கணக்கும் அன்றுதான் எனக்குக் கைக்கு எட்டின.

இந்தப் பிடிவாதம் 1989-இல் முதல் தலைமுறை வந்த நாளிலிருந்தே இருக்கிறது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த மந்திரம் 'ஜின்பா இத்தாய்': குதிரையும் ஆளும் ஒன்று. ஓடும் குதிரையின் மேலிருந்து அம்பு விடும் யாபுசமே கலையை மனதில் வைத்த சொல். விளம்பர வாசகம்தானே என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். ஹகோனே மலைக்குப் போன பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஓதாவாராவில் கடலோரத்திலிருந்து கிளம்பும் ஹகோனே டர்ன்பைக் சுமார் 14 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும் சுங்கச் சாலை. மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் போய்விடுவேன். ஜனவரியிலும் கூரை திறந்துதான். தலையில் கம்பளித் தொப்பி, ஹீட்டர் முழு அளவில், முழங்காலுக்குக் கீழே வெந்நீர் ஊற்று மாதிரி கதகதப்பு, மூக்கு நுனி மட்டும் சில்லிட்டிருக்கும். வளைவு வருகிறது. பிரேக்கை மெல்ல அழுத்தினால் மூக்கு கொஞ்சம் தாழும். அந்தத் தாழ்வில் எடை முன்சக்கரங்களுக்கு வருவது உள்ளங்கையில் தெரியும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் சாயும், சாய்ந்து ஓரிடத்தில் நின்று, அப்படியே வளைவைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தச் சாய்வு அதிகம் என்று பலர் சஸ்பென்ஷனை மாற்றி இறுக்கிவிடுகிறார்கள். நான் தொடவில்லை. டயருக்கு இன்னும் எவ்வளவு பிடி மிச்சமிருக்கிறது என்று எனக்குச் சொல்வது அந்தச் சாய்வுதான். இறுக்கிவிட்டால் வேகம் கூடலாம், பேச்சு நின்றுவிடும்.

ஆக்சிலரேட்டர் பெடல் தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஆர்கன் வகை. குதிகால் அதன் கீழேயே ஊன்றியிருப்பதால் பாதம் நழுவுவதில்லை. இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே பாத ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது எனக்குச் சரியாக வர ஒரு வருடம் பிடித்தது. கியர் லீவர் மணிக்கட்டு அசைவிலேயே 'டக்'கென்று விழும். அந்தச் சத்தமும் கிளட்ச் பிடிக்கும் இடமும் எஞ்சின் எழும்பும் வேகமும் ஒரே நொடியில் சேரும்போது, வண்டி துளிக்கூடக் குலுங்காது. இன்றும் அது சரியாக அமையும் ஒவ்வொரு தடவையும் மனசு துள்ளுகிறது.

ஒரு ஏப்ரல் மாதம் அப்பாவும் அம்மாவும் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா கண்ணு, இத்தனை காசு குடுத்து ரெண்டு பேரு உக்கார்ற வண்டியா?" என்றார். இருவரையும் ஒன்றாகக் கூட்டிப் போக வழியில்லை. முதலில் அம்மா, முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, செர்ரி பூத்த தெருவில் மெதுவாக ஒரு சுற்று. பிறகு அப்பாவோடு மலைக்குப் போனேன். ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை. சாலையைப் பார்க்கவும் இல்லை, தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், நான் கையை எடுப்பதற்குள், "ரெண்டுக்கு எறக்கு" என்றார். அதே இடத்தில்தான் நானும் இறக்க இருந்தேன். மேலே போய் நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, கியர் குமிழில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே போட்டுப் பார்த்தார். "கை சொல்றதக் கேக்குது" என்றார். ஃபூஜி மலை எதிரே பளிச்சென்று தெரிந்தது, அவர் அதை அப்புறம்தான் பார்த்தார்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். டிக்கி 130 லிட்டர். இரண்டு பேர் இரண்டு இரவுக்குப் போகலாம், துணிப்பை என்றால் மட்டும். உருட்டும் பெரிய பெட்டி நுழையாது. முன்னால் கிளவ் பாக்ஸ் கிடையாது, காகிதங்கள் எல்லாம் சீட்டுக்குப் பின்னாலுள்ள சிறு பெட்டியில். எக்ஸ்பிரஸ்வேயில் கூரை மூடியிருந்தாலும் லாரி பக்கத்தில் போனால் பேச்சு கேட்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதை ஒரே வண்டியாகச் சொல்லவே மாட்டேன். மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் ஹைஓக்கு என்று இங்கே சொல்லும் உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும். வருட வரி 34,500 யென். ஷாக்கென் எனப்படும் கட்டாயச் சோதனை முதலில் மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இதுவரை மூன்று செட் டயர், ஒரு பேட்டரி, ஒரு தடவை முன் பிரேக் பேட். கிளட்ச் இன்னும் முதலாவதுதான்.

ஒரே ஒரு பெரிய தலைவலி வந்தது, அதுவும் என் கவனக்குறைவால். நான் வாடகைக்கு எடுத்த பார்க்கிங் ஒரு செர்ரி மரத்தடி. கூரைத் துணியில் விழும் தண்ணீர் ஓரமாக ஓடி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் வடிகால் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். இரண்டு வசந்தமாக உதிர்ந்த இதழ்கள் மக்கி அந்தத் துளையை அடைத்திருந்தன. ஜூன் மாத மழைக்காலத்தில் ஒரு நாள் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை. சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தை அமுக்கினால் தண்ணீர் ஊறி வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகக் குத்தியதும் கருப்பாக ஒரு கட்டி வெளியே வந்து, தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கம்பளம் காய ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து வருடம் இரண்டு தடவை துளையைச் சுத்தம் செய்கிறேன். துணிக்கூரை வண்டி எது வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

மற்ற வண்டிகளை ஓட்டிப் பார்க்காமல் இதை எழுதவில்லை. 2021-இல் வந்த டொயோட்டா ஜிஆர்86 எனக்கு ரொம்பப் பிடித்தது. 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 235 குதிரைத்திறன், பின்னால் பெயருக்காவது இரண்டு சீட். குழந்தை பிறந்திருந்தால் அதற்குத்தான் மாறியிருப்பேன். 330 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிவிக் டைப் ஆர் அற்புதமான கருவி, ஆனால் மலைச் சாலையில் அது என்னைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பது போலவே இருந்தது. நண்பர்கள் சொல்லும் அந்த ஜிடிஆர், ஆர்35, 2007-இல் தொடங்கி 2025 ஆகஸ்டில் தோச்சிகி ஆலையில் கடைசி வண்டியோடு முடிந்தது. பதினெட்டு வருடத்தில் சுமார் 48,000 வண்டிகள், ஒவ்வொரு எஞ்சினையும் முழுக்க ஒரு கைவினைஞரே தன் கையால் கோத்தது. அதை எடுக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இல்லை. ஆனால் இனி அது பிறக்காது என்று செய்தியில் படித்த அன்று மாலை கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

பழைய என்டி ரோட்ஸ்டர் தேடுகிறவர்களுக்கு: பனிப் பிரதேசத்து வண்டி என்றால் அடிப்பாகத்தை ஏற்றிப் பாருங்கள், சாலையில் தூவும் உப்பு துருவாக மாறியிருக்கும். கூரைத் துணியின் மடிப்பு ஓரங்களில் தேய்மானம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தை அமுக்கிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு தடவை போங்கள். மழை நாளில் ஒருமுறை, கசிவு தெரிந்துவிடும். வெயில் நாளில் ஒருமுறை, கூரையைத் திறந்து ஓட்டுவதற்கு.