மார்கழியா, தையா? கொழும்பு வளாகத் தமிழ் விழாக்களுக்கு நாள் குறிப்பது

கொழும்பில் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விடியற்காலையில் மின்விசிறியை ஒரு எண் குறைப்பதோடு சரி. ஆனாலும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் பெப்ரவரி தொடக்கத்துக்கும் இடையில்தான் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாவையும் ஆய்வரங்கையும் நடத்திவிடப் பார்க்கின்றன. ஆய்வரங்கு டிசம்பரில், கலைவிழா பொங்கலை ஒட்டித் தையில் என்பது பலரும் போடும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் பாதித் தலையிடி குறையும் என்பது எங்கள் கட்சி.

முதலில் மண்டபம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்கள் பல கலியாணத்தை நம்பி ஓடுபவை. டிசம்பர் 16 அளவில் மார்கழி பிறந்ததும் முகூர்த்தம் நின்றுவிடும். சனிக்கிழமை மாலைகூடக் கிடைக்கும், வாடகையிலும் பேசிப் பார்க்கலாம். தை பிறந்தால் நல்ல நாட்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் முன்பே முற்பணம் கட்டியிருப்பார்கள். 622 ஆசனங்கள் கொண்ட லயனல் வென்ட், 1,288 ஆசனங்கள் கொண்ட நெலும் பொக்குண போன்ற அரங்குகளுக்கு மார்கழி, தை என்ற பேதம் இல்லை. ஆனால் 400 பேர் வரும் விழாவுக்கு நெலும் பொக்குணவை எடுத்தால் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் கதிரைகள்தான் தெரியும்.

கலியாண மண்டபத்தின் குறை வேறு. மணவறை வைக்கக் கட்டிய மேடைக்கு ஆழம் குறைவு, பக்கத் திரை இருக்காது. நாட்டுக்கூத்துக்கு 10 பேரை ஏற்றினால் ஆட்டக்காரரின் கை பின்திரையில் இடிக்கும். ஆகவே பாட்டுக்காரரையும் மத்தளத்தையும் மேடைக்குக் கீழே, வலப்பக்கத்தில் இருத்துங்கள். விளக்கிலும் கவனம் வேண்டும். 15 அம்பியர் பிளக் ஒன்றில் 230 வோல்ட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3,450 வாட். 1,000 வாட் விளக்கு மூன்றுக்கு மேல் மாட்டினால் நடனம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பிரேக்கர் விழும். டிம்மரையும் ஒலிக்கலவைப் பெட்டியையும் ஒரே இணைப்பில் கொடுத்தால் விளக்கு மங்கும் ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கி உறுமும். முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனி மின் பேஸ் (phase) கேளுங்கள்.

டிசம்பருக்கும் கரைச்சல் உண்டு. 20ஆம் திகதிக்குப் பிறகு விடுதிகள் காலியாகிவிடும். கிறிஸ்தவ மாணவருக்குக் கரோல் ஒத்திகை, சைவ மாணவர் சிலருக்குத் திருவெம்பாவைப் பூசை. நாதஸ்வரம், தவில் கலைஞர்களும் விடியற்காலைக் கோயில் வேலையில் இருப்பார்கள். மாலைக்கு வருவார்கள், ஆனால் பகல் ஒத்திகைக்கு இழுக்காதீர்கள். நத்தார்க் கடைக்கூட்டத்தில் காலி வீதி அடைத்துக்கொள்ளும் என்பதால், உடுப்பும் ஒப்பனைப் பெட்டியும் வரும் வானை விழாவுக்கு நான்கு மணித்தியாலம் முன்பே வளாகத்திலிருந்து புறப்படச் செய்வது நல்லது. 16க்கும் 20க்கும் இடையில் நாள் கிடைத்தால் அதைவிட வேறொன்றும் தேடவேண்டாம். டிசம்பர் பௌர்ணமி விடுமுறையான உந்துவப் போயா எந்த நாள் என்று மட்டும் கலண்டரில் பாருங்கள்.

மழையைச் சொல்லி டிசம்பரைத் தள்ளிவைப்பவர்கள் கொழும்பு மழையைப் பார்க்கிறார்கள். நீண்டகாலச் சராசரியில் இங்கே நவம்பருக்கு 414 மில்லிமீற்றர், டிசம்பருக்கு 175, ஜனவரிக்கு 58. மண்டபத்துக்குள் நடக்கும் கலைவிழாவை 175 ஒன்றும் செய்யாது. உண்மையில் டிசம்பர் மழையால் அடிபடுவது ஆய்வரங்குதான். கட்டுரை வாசிப்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணம், கிழக்கே வந்தாறுமூலை, ஒலுவில் வளாகங்களிலிருந்து வருபவர்கள் என்றால், வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கில் கொட்டித் தீர்க்கும் மாதம் அது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வீதியையும் ரயிலையும் முடக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புலம்பெயர்ந்த பேராசிரியர்கள் நத்தார் விடுமுறைக்கு வரும் காலம் என்பது டிசம்பரின் ஒரே கவர்ச்சி. ஒரு சிறப்புரைக்காக 20 கட்டுரையாளரைப் பணயம் வைப்பது கணக்குக்குச் சரிவராது. அவரைத் தனிச் சொற்பொழிவுக்கு அழையுங்கள்.

ஆகவே ஆய்வரங்கு ஜனவரி 20க்கும் 31க்கும் நடுவில். அதைத் தாண்டினால் பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைக்கு வீதி மூடுவார்கள், பின்னால் கங்காராமய விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலம் வரும். 2027இல் பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் நோன்பும் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை வைத்தால் 12 மணியிலிருந்து 1.30 வரை ஜும்ஆவுக்காக வெறுமையாக விடுங்கள்.

ஒக்டோபர் நடுவில் அழைப்பு, நவம்பர் நடுவில் 300 சொல் ஆய்வுச்சுருக்கம், முடிவு டிசம்பர் 15க்குள். அந்தத் திகதியைத் தவறவிட்டால் மதிப்பீட்டாளரைப் புதுவருடம் வரை பிடிக்க முடியாது. 90 நிமிட அமர்வுக்கு நான்கு கட்டுரைக்கு மேல் வேண்டாம்: 15 நிமிட வாசிப்பு, 5 நிமிடக் கேள்வி, மிச்சம் 10 நிமிடம் தலைவருக்கும் யூ.எஸ்.பி. தேடுபவருக்கும். யுனிகோடில் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்ததை எழுத்துரு மாற்றியில் போட்டால் இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் விவரங்களும் சேர்ந்து சிதைந்துவிடும். அதைத் திருத்தும் இரண்டு இரவு யாருக்கும் கணக்கில் வராது. தொகுப்புக்கு ஐ.எஸ்.பி.என். வேண்டுமானால் தேசிய நூலகத்தில் டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

பொங்கலை என்ன செய்வது? தைப்பொங்கல் அன்று யாரும் வளாகத்தில் இருக்கப் போவதில்லை; முதல்நாள் இரவே வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் ஏறிவிடுவார்கள். ஆய்வரங்கு நாள் காலையிலேயே முற்றத்தில் பொங்கலாம். 100 கிண்ணத்துக்கு 3 கிலோ பச்சையரிசி, 750 கிராம் வறுத்த பயறு, இரண்டரைக் கிலோ சர்க்கரை, 25 லீற்றர் பானை. இன்டர்லொக் கல்லில் நேராக அடுப்பு மூட்டினால் சூட்டில் கல் வெடிக்கும், பராமரிப்புப் பிரிவு அடுத்த வருடம் அனுமதி தராது; நான்கு அங்குலத்துக்கு மணல் பரப்பி அதன்மேல் செங்கல் வையுங்கள். கழுத்துவரை நீரும் பாலும் நிரப்பி, பொங்கியதும் மேலதிகத்தை முகந்து வைத்துவிட்டு அரிசி போட வேண்டும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை. அவசரத்தில் முன்னால் போட்டால் எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகாது, 9 மணித் தொடக்க அமர்வு பானையைப் பார்த்துக் காத்திருக்கும்.