மட்சுமோட்டோவா, ஹகோனேயா?

வெந்நீர் ஊற்றுக் குளியலும் புத்தகக் கடையும் ஒரே கூரையின் கீழ் வேண்டுமா? ஜப்பானில் 'ஹோன்பாகோ' என்ற பெயரில் இரண்டு விடுதிகள் உண்டு. சொல்லுக்குப் பொருள் புத்தக அலமாரி.

மட்சுமோட்டோ நகரின் அசாமா ஊற்றுப் பகுதியில், 1686இல் தொடங்கிய கொயனாகி விடுதியைப் புதுப்பித்து உருவாக்கியது ஒன்று. பழைய பொதுக் குளியலறைதான் இப்போது புத்தக அறை. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து நிதானமாகப் புரட்டலாம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி.

மற்றொன்று ஹகோனேயில். அதற்கு அந்தப் பழமை கிடையாது. புத்தக விநியோக நிறுவனமான நிப்பானின் ஊழியர் ஓய்வில்லம் 2018இல் விடுதியாக மாறியது. ஆனால் சுமார் 12,000 புத்தகங்கள், 18 அறைகளிலும் தனித்தனி வெந்நீர்த் தொட்டி. டோக்கியோவிலிருந்து பக்கமும்கூட.

இரண்டிலும் பெரும்பாலும் ஜப்பானிய மொழிப் புத்தகங்கள்தான். நமக்குப் படப் புத்தகங்களே கதி. சரி, ஒரே இரவு என்றால்? நான் மட்சுமோட்டோவுக்குத்தான் போவேன், அந்தக் காலித் தொட்டிக்காகவே.