படுவான்கரையில் 8 அங்குலத் தொலைநோக்கியும் பழைய கமெராவும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

என்னிடம் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி), குவியத் தூரம் 1000 மில்லிமீற்றர், அதாவது எஃப்/5. அதைச் சுமந்து சுற்றுவதற்கு மோட்டார் வைத்த ஈக்குவட்டோரியல் மவுண்ட், அதாவது பூமியின் அச்சுக்கு ஒத்த அச்சில் சுழன்று நட்சத்திரத்தைப் பின்தொடரும் தாங்கி. கமெரா, இரண்டாம் கையாக வாங்கிய கேனன் 1300டி. மாமாவின் வளவுக்குள் ஒரு சின்ன அறை, அதன் தகரக் கூரையைக் கேட்டுக்குப் போடும் சில்லுகளில் ஏற்றி ஆங்கிள் இரும்பின்மேல் தள்ளித் திறக்கிறோம். வானாய்வகம் என்று ஊரில் பெரிய பெயர் வாங்கிவிட்டது, உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான்.

இந்தக் கருவிகளுக்கான வழிகாட்டிகள் எல்லாம் வடக்கே 40, 50 பாகை அகலக்கோட்டில் இருப்பவர்களுக்காக எழுதியவை. நாம் இருப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், ஏறக்குறைய 7.7 பாகையில். துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், அதாவது வடக்கு வேலியில் நிற்கும் தென்னைக்குப் பின்னால். மவுண்டுக்குள் இருக்கும் துருவக் குழாயால் பார்த்துச் சரிசெய்யுங்கள் என்று கையேடு சொல்வது இங்கே சரிவராது. அதற்கு மேல், பல மவுண்டுகளில் அகலக்கோட்டுத் திருகு இவ்வளவு கீழே இறங்குவதே இல்லை, இறங்கினாலும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டும். நான் முக்காலியையே விட்டுவிட்டேன். நிலத்தில் குழி தோண்டி, அறையின் தரையோடு ஒட்டாமல் ஒரு கொங்கிரீட் தூண், அதன் தலையில் வெல்டிங் கடையில் சரிவாக ஒட்டிய இரும்புத் தகடு. செலவு செய்ததில் மிகவும் உருப்படியானது இந்தத் தூண்தான், கமெரா அல்ல.

துருவத்துக்குச் சரிசெய்ய ஆரம்பத்தில் நகர்வு முறை. உச்சிக்கோட்டுக்கும் (தலைக்கு மேலால் வடக்குத் தெற்காகப் போகும் கோடு) வானநடுக்கோட்டுக்கும் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று பார்த்து மவுண்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். அப்புறம் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இன்னொன்றைப் பிடித்து உயரத்தைத் திருத்த வேண்டும். பொறுமை வேண்டும், நுளம்புக்கடியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இப்போது நினா மென்பொருளில் இருக்கும் மூன்று புள்ளி முறையைப் பாவிக்கிறேன். வானத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்தாலும் அங்கே மூன்று படம் எடுத்துக் கணக்குப் போட்டுவிடும், துருவமே கண்ணில் படத் தேவையில்லை. வடக்கு மறைந்த வளவு உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

கமெராவைப் பொருத்தும்போது சிலருக்குக் குவியமே கிடைக்காது. காரணம் எளிது: கேனனில் வில்லை பொருந்தும் வளையத்திலிருந்து சென்சர் 44 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது, கமெராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி வளையத்தோடு சேர்த்து 55 ஆகும், கண்ணால் பார்க்கவென்று செய்த குழாய்களில் ஃபோக்கசர் (குவியம் சரிசெய்ய உள்ளும் வெளியும் நகரும் பகுதி) அந்தளவுக்கு உள்ளே போகாது. வாங்கும் முன்னரே படம் எடுக்கத் தோதானதா என்று கேட்டுவிடுங்கள். குவியம் பார்க்க, குழாயின் வாயில் போடும் கீற்றுகள் வெட்டிய பாட்டினோவ் மூடி ஒன்று போதும், கடையில் கிடைக்காவிட்டால் மட்டையில் வெட்டிக்கொள்ளலாம்.

சரி, இங்கே உண்மையான தொல்லை ஈரமும் சூடும். வாவி பக்கத்தில், நள்ளிரவு தாண்டினால் குழாயெல்லாம் நனைந்திருக்கும், மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி மங்கும், படத்தில் நட்சத்திரமெல்லாம் புகைபிடித்த மாதிரி வரும். அந்தக் கண்ணாடியின் முதுகில் 330 ஓம் தடையிகள் பத்தைச் சமாந்தரமாக இணைத்து ஒட்டி 12 வோல்ட் கொடுத்தேன். மொத்தம் நாலரை வாட்டுக்குள்தான், கார் பற்றரியே தாங்கும், மங்கல் போய்விட்டது.

சூட்டுக்கு அப்படி வழியில்லை. குளிரூட்டி இல்லாத எந்த கமெராவிலும் சென்சரின் வெப்பநிலை சுமார் 6 பாகை செல்சியஸ் கூடும்போது இருள் மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாமல் சென்சரில் தானாக எழுந்து படத்தைக் கெடுப்பது) இரட்டிப்பாகும். நம் இரவே 26, 27 பாகை, தொடர்ந்து எடுத்தால் சென்சர் 35ஐத் தாண்டும் (படக்கோப்பிலேயே அந்த வெப்பநிலை பதிவாகிறது, பாருங்கள்). ஐந்து நிமிடப் படம் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஐஎஸ்ஓ 800இல் 60 செக்கன் படங்களாக, இடையில் கொஞ்சம் ஓய்வு கொடுத்து எடுக்கிறேன். அதைப் பிறகு கழிப்பதற்காக, மூடி போட்ட கறுப்புப் படங்களை அதே இரவில் எடுப்பது முக்கியம், போன மாதத்தவை உதவாது. பிறகு படங்களை அடுக்கிச் சேர்க்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

படுவான்கரையில் இருப்பதால் பட்டணத்து வெளிச்சம் எனக்குக் கிழக்கே. எதுவும் எழும்பும்போது அந்த வெளிறலுக்குள்ளால்தான் வரும். அதனால் உச்சி தாண்டிய பிறகே தொடங்குகிறேன். மேற்கு வயல்வெளி நல்ல இருட்டு, உச்சிக்கோட்டைத் தாண்டும்போது மவுண்டை நடுவில் புரட்டும் வேலையும் இல்லை. மிருகசீரிட நெபுலா (ஓரியனில் உள்ள வாயு மேகம்) நள்ளிரவில் உச்சிக்கு வருவது டிசம்பர் நடுவில், நமக்கோ அப்போது கொட்டும் மாரி. மாசியில் பிடிக்கலாம், இருட்டிக் கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் நிற்கும்.

ஆனால் தெற்கு வானம் நமக்குச் சீதனம். சித்திரை வருடப்பிறப்பு நாட்களில் இரவு ஒன்பது மணிக்குக் கரீனா நெபுலா தெற்கே 22 பாகை உயரத்தில், வைகாசியில் ஒமேகா செண்டோரி என்ற நட்சத்திரக் கொத்து 35 பாகையில். ஐரோப்பாக்காரர் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் பொருட்கள் இவை. ஒமேகாவின் நடுவில்கூட நட்சத்திரம் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. கரீனாவின் சிவப்பு மட்டும் வெளிறியே வரும், ஏனென்றால் கமெராவின் உள் வடிகட்டி 656 நனோமீற்றர் ஐதரசன் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றலாம், நான் கழற்றவில்லை. ஆடி அமாவாசை பகலில் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவைப் படமெடுக்கும் கமெராவும் இதுதான், இரவில் அதே அமாவாசை இருட்டு வானத்துக்கும் இதுதான்.

கிரகங்களுக்கு இந்தச் சோடி வேண்டாம். ஒரு பிக்சலுக்கு 0.9 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை), வியாழன் நன்றாக நெருங்கி வரும்போதும் 50 பிக்சல் அகலம்தான் தேறும். சந்திரன் அழகாக முழுதாக அடங்கும். கிரகமே நோக்கம் என்றால் உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லையும் சின்ன வீடியோ கமெராவும் வாங்குங்கள், இந்தக் காசு மிஞ்சும்.

மாரி தொடங்கினால் கமெராவும் கண்வில்லைகளும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் போய்விடும், குழாய் மட்டும் உறை போட்டபடி அறையில் இருக்கும். ஃபோக்கசர் துளையை மூடியால் இறுக்கி அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தையில் திறக்கும்போது குளவி மண்கூட்டைச் சுரண்டி எடுப்பதுதான் முதல் வேலையாக இருக்கும்.