முற்றத்தில் பழைய சஸ்பென்ஸ் படம்: தேர்வு பிரமாதம், திரைதான் சொதப்பல்

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டு விடுதியில், சனிக்கிழமை இரவு முற்றத்தில் புரொஜெக்டர் வைத்துப் பழைய துப்பறியும் படங்களும் போர்ப் படங்களும் போடுகிறார்கள்.

தொடக்கமே ‘அந்த நாள்’ (1954). அதைத் தயாரித்த ஏவி.எம். செட்டியார் பிறந்த ஊரில் வேறெதைப் போடுவது? எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. 1943இல் சென்னை மீது ஜப்பான் குண்டு விழுந்த நேரத்துக் கொலை, ஆளாளுக்கு ஒரு கதை.

அக்காலப் படங்களின் அகலமும் உயரமும் ஏறக்குறைய 4:3 விகிதம். இங்கே புரொஜெக்டர் 16:9இல் நிற்பதால் சிவாஜி முகம் ஊத்தப்பமாக அகன்றுவிடுகிறது. மெனுவில் 4:3க்கு மாற்றினால் தீர்ந்தது. இரு ஓரமும் கறுப்பாகத் தெரியும், அது குறையில்லை.

பெரிய கோளாறு சுவர். திரை கட்டாமல் அதிலேயே அடிக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி மினுங்கும். நடுவில் ஒளித்திட்டு விழுந்து, நிழலை நம்பி எடுத்த காட்சிகள் வெளுத்துப்போகின்றன. பளபளப்பில்லாத வெள்ளைத் துணியை, சுருக்கமில்லாமல் நாலு மூலையும் இழுத்துக் கட்டினால் போதும். ஆத்தங்குடிக் கல் தரையும் வெளிச்சத்தைத் திருப்பும், வசனத்தை எதிரொலிக்கும். ஜமக்காளம் விரித்தால் இரண்டும் அடங்கும்.

ஒலித்தடம் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலி. ‘சரவுண்டு’ (சுற்றொலி) போட்டால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும்; அதை அணைத்து, ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

இடைவேளைக் கந்தரப்பம் மட்டும் எந்தத் திருத்தமும் கேட்கவில்லை.