சுத்தமான ஸ்டூடியோவைக் காட்டினால் உஷார்

கோவையில் இருபத்திரண்டு வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மெஷின் ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நானே ஏமாந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மகளுக்கு ஓவியக் கல்லூரிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, கும்பகோணத்திலும் இல்லை. கடைசியில் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

சேர்க்கைக்கு முன் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, எல்லா ஸ்டூடியோவுக்கும் ஏ.சி. ஆசிடில் அரித்த உலோகத் தகட்டிலிருந்து காகிதத்தில் படம் அச்சடிக்கும் எட்சிங் பிரஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. களிமண் வேலை செய்யும் அறையில் தரையில் ஒரு பொட்டு மண் இல்லை. மண் பொருளைச் சுடும் மின்சூளையான கில்னுக்குள் செங்கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!" என்று வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். என் பட்டறையில் எந்த மெஷினாவது அப்படி இருந்தால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம். அது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

ஃபீஸ் போக, ஸ்டூடியோ வசதிக் கட்டணம் தனியாக வருஷத்துக்கு 40,000 ரூபாய். இரண்டு வருஷம் கட்டினேன்.

இரண்டாம் வருஷம் பாதியில்தான் மகள் வாயைத் திறந்தாள். கில்ன் ஒருநாளும் எரிந்ததில்லை. இவர்கள் செய்த பானை, சிற்பம் எல்லாம் பச்சை மண்ணாகவே காய்ந்து அலமாரியில் உடைந்து கிடக்கிறது. நேரில் போனேன். முதல் வேலையாக மின்பலகையைத் திறந்து பார்த்தேன். அந்த அறைக்கு வந்திருப்பது சிங்கிள் ஃபேஸ் லைன்! 1,200 டிகிரிக்கு மேல் போகிற அவ்வளவு பெரிய கில்னுக்கு த்ரீ ஃபேஸ் இல்லாமல் என்ன செய்வது, தோசையா சுடுவது? "இ.பி.யில் அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றார் நிர்வாக அலுவலர். என்னிடமே இ.பி. கதை. அட்டெண்டர் ஓரமாகக் கூப்பிட்டு, "வந்த நாள்லேருந்து அப்படியேதான் சார் நிக்குது" என்றார்.

பிரஸ்ஸின் ஃபெல்ட் துணியைத் தொட்டுப் பார்த்தேன், புதுப் போர்வை மாதிரி மெத்தென்றிருந்தது. எட்சிங்கில் நனைத்த காகிதத்தின் மேல் இந்த ஃபெல்ட்டைப் போட்டுத்தான் அழுத்துவார்கள். நாள்பட ஃபெல்ட் விறைத்துப்போகும், கறையும் ஏறும் என்று மகள் பிறகு சொன்னாள்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். ஆசிட் அறைதான் என்னைப் பயமுறுத்தியது. துத்தநாகத் தகட்டை நைட்ரிக் ஆசிடில் போட்டு அரிக்க வைக்கிறார்கள். அதில் கிளம்பும் புகை நெஞ்சைப் பிடிக்கும். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. ஜன்னல்களையும் ஏ.சி.க்காக அடைத்துவிட்டார்கள். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. பிள்ளைகள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். மகளுக்கு வந்த இருமலைப் பனி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கண்ணாடி முகப்பு மேற்கே பார்த்தது. ஓவியர்கள் வடக்கு வெளிச்சம் கேட்பார்கள், வருஷத்தில் பெரும்பாலான நாள் நேர்வெயில் விழாமல் ஒரே சீராக இருக்கும் என்பதால். (நம் ஊரில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய உச்சி வெயிலே கொஞ்சம் வடக்கே சாயும், அது வேறு கதை.) இங்கே மூன்று மணிக்கு மேல் திரையை இழுத்துவிட்டு ட்யூப்லைட்டில் வரைய வேண்டும்.

பணம் திரும்பக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

பிறகு ஒருநாள் மகளோடு எழும்பூர் கல்லூரிக்குப் போனேன். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற மருத்துவர் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் மை வாசனை. என் பட்டறை மாதிரியே அழுக்கு. சேர்க்கைக்கு முன் இங்கே ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம்.

நீங்கள் பார்க்கப் போனால் வேலைநாளில், சொல்லாமல் போங்கள். கில்ன் கடைசியாக எப்போது எரிந்தது என்று மாணவர்களைக் கேளுங்கள், கூட வருகிற அதிகாரியை அல்ல. வாஷ்பேசின் குழாயடியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மகள் படிப்பை விடவில்லை, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவளுக்காகப் பட்டறையிலேயே ஒரு சின்ன எட்சிங் பிரஸ் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு ரோலரும் கடைந்தாயிற்று, பேரிங் போட்டாயிற்று. நல்ல கம்பளி ஃபெல்ட் கோவைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.