பத்து கேஜ் வலையும் இரண்டு கடவும்: போட்டு ஒன்றரை வருடம் ஆன பிறகு

சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு 46 சென்ட் இருக்கிறது. வடகிழக்கு மூலையில் வீடு, மீதி தென்னை, ஊடே கறிவேப்பிலை. மேற்கே தார் ரோடு. தெற்கே ஒரு வரிசை வீடுகள், அதற்குப் பின்னால் சில வருடத்துக்கு முன் வீட்டுமனையாகப் போட்ட புது சைட். அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்குத் தெருவைச் சுற்றிப் போனால் ஆறு நிமிடம். எங்கள் தோப்புக்குள் குறுக்கே விழுந்தால் ஒன்றரை நிமிடம். இந்த நாலரை நிமிடத்துக்காக மூன்று வருடம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அதை வைத்து கடைசியில் நாங்கள் போட்ட வேலியும், ஆள் மட்டும் நுழைகிற மாதிரி அதில் வைத்த கடவும் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். இதே தொல்லையில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

ஆள் நடந்து போன வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. என் மாமனார் காலத்தில் இருந்தே தெற்கு வரிசை ஆத்தா ஒருவர் புல்லுக்கட்டோடு தோப்பு வழியாகத்தான் போவார். மாமனாரிடம் கேட்டுக்கொண்டு போனவர். சைட் வந்த பிறகுதான் பைக் வர ஆரம்பித்தது.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புரியும். மரத்துக்கு மரம் தண்ணீர் கொண்டுபோகிற 16 மில்லி லேட்டரல் குழாய் மேல் சக்கரம் ஏறினால் அன்றைக்கே உடையாது. வெயிலில் காய்ந்து கிடக்கிற குழாய், பத்து இருபது தடவை நசுங்கிய பிறகு, பக்கவாட்டில் நூல் மாதிரி பிளக்கும். மோட்டாரைப் போட்டால் அந்த இடத்தில் தண்ணீர் விசிறி மாதிரி அடிக்கும், அதைத் தாண்டி இருக்கிற மரத்துக்குச் சொட்டு போகாது. அங்கே சேறாகிவிடும். சேறாகிவிட்டதால் அடுத்து வருகிறவர் ஒரு முழம் தள்ளி ஓட்டுவார். அங்கே இன்னொரு குழாய். இப்படித்தான் ஒற்றையடித் தடம் எட்டடித் தடமாக ஆனது. நன்றாக விளைந்து நின்ற கறிவேப்பிலையில் பதினொரு செடி போய்விட்டது. நான் கையால் நட்டு, குடத்தில் தண்ணீர் ஊற்றி எடுத்த செடிகள்.

முதலில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டோம். ராத்திரியோடு ராத்திரியாக ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டார்கள். “தனியார் நிலம், வழி இல்லை” என்று போர்டு வைத்தோம், அதற்கும் பலன் இல்லை. நேரில் சொன்னால், “இது மாமூல் தடம்தானுங்க்கா” என்று, காலங்காலமாக இருக்கிற பாதை மாதிரி, ஒரு தம்பி அடித்துச் சொன்னான். அந்த வார்த்தை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அதனால் வேலிக்கு முன்னால் காகிதம் பார்த்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்: வலை விலை கேட்கப் போவதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். உங்கள் பத்திரத்தை மட்டும் இல்லை, முடிந்தால் பின்னால் இருக்கிறவர்களுடையதையும். நம் பக்கத்துப் பத்திரங்களில் “மாமூல் வழிநடை பாத்தியம்”, “வண்டித்தட பாத்தியம்” என்று, வழி உரிமையைச் சொல்லும் ஒரு வரி உள்ளே கிடக்கும். அது இருந்தால் நீங்கள் அடைக்க முடியாது. எங்கள் பத்திரத்திலும் இல்லை, அவர்கள் பத்திரத்திலும் இல்லை. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதிலும் எங்கள் நிலத்துக்குள் பாதை எதுவும் இல்லை. அரசுப் பாதையாக இருந்தால், நிலங்களின் வகையைப் பதிந்து வைக்கும் அ-பதிவேட்டில் பாதை என்றே வகைப்படுத்தி இருக்கும். அதையும் பார்த்தோம்.

வக்கீல் ஒருவரிடமும் போனோம். அவர் சொன்னது இது. அடுத்தவர் நிலத்தில் வழி மாதிரியான உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டம், பிரிவு 15: தனியார் நிலத்தில் ஒருவர் 20 வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, தகராறு இல்லாமல், தனக்கு உரிமை என்ற நிலையில் நடந்திருந்தால் வழிநடை பாத்தியம் கேட்கலாம். ஆனால் அனுமதி வாங்கி நடந்தால் எத்தனை வருடம் ஆனாலும் அது அனுமதிதான், உரிமையாக மாறாது. வேறு வழியே இல்லாத நிலத்துக்குச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. அதுவும் ஒரே நிலமாக இருந்து பாகம் பிரித்ததாலோ விற்றதாலோ வழி அடைபட்டிருந்தால்தான். சுற்றிப் போக நேரமாகிறது என்பது அதில் வராது. ஆத்தா மாமனாரிடம் கேட்டுக்கொண்டு நடந்தவர் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் சர்வேக்கு விண்ணப்பித்து அளந்து கல் போட்டோம். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் போய், அவர்கள் முன்னாலேயே அளந்தார்கள். பழைய வேலி எங்கள் எல்லைக்கு ஒன்றரை அடி உள்ளே நின்றிருக்கிறது! அளக்காமல் வேலி போட்டிருந்தால் அந்த ஒன்றரை அடியை நாங்களே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

இனி வேலி. ரெடிமேட் காம்பவுண்ட் பலகை கேட்டுப் பார்த்தோம். பார்க்க நன்றாக இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் எங்கள் தோப்பில் மழைத் தண்ணீர் தெற்கில் இருந்து வடக்கே ஓடும். பலகை அதை மறிக்கும், தேங்கினால் அடிமண் கரைந்து கால் சாயும். முள்கம்பி வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். குழந்தைகள் நடந்து பழகிய இடம், இருட்டில் யாராவது ஓடிவந்து கண்ணில் மாட்டினால் அதை நான் தாங்க மாட்டேன். மிஞ்சியது கல்லுக்காலும் செயின் லிங்க் வலையும். தெற்கும் மேற்கும் சேர்த்து 270 அடி. ஐந்தடி உயரம், மூன்று அங்குலக் கண், கம்பித் தடிமன் பத்து கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது). ஏழடிக் கல், அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள், எட்டடிக்கு ஒன்று. கல், வலை, கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 54 ஆயிரம் ஆனது.

இதில் நாங்கள் ஏமாற இருந்த இடம் ஒன்று. பத்து கேஜ் என்று பேசி முன்பணம் கொடுத்தோம். வேலை எடுத்தவர் பேரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வந்து இறங்கிய சுருளை என் வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்தார், ஒரே ஆளால் தூக்க முடிந்தது. அவருக்குச் சந்தேகம். ஒரு கம்பித் துண்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியரில் வைத்தார்கள். 2.6 மில்லி. பத்து கேஜ் என்றால் 3.25 மில்லி இருக்க வேண்டும். 2.64 என்பது பன்னிரண்டு கேஜ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 50 அடிச் சுருள் பத்து கேஜில் 43 கிலோ வர வேண்டியது, பன்னிரண்டில் 28 கிலோதான் வரும். சதுர அடிக் கணக்கில் விலை பேசினால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும். கிலோ கணக்கில் பேசுங்கள், இறக்கும்போது எடை போடுங்கள். நாங்கள் பட்டறைச் சீட்டோடு போய் நின்றதும் மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு நாள் போனது, பரவாயில்லை.

வலை ஒன்றரை வருடத்தில் எப்படி இருக்கிறது? நடுவில் துரு இல்லை. வெட்டிய முனைகளில் மட்டும் துரு பிடித்திருக்கிறது. வெட்டின அன்றைக்கே சில்வர் பெயின்ட் தொட்டுவிட்டிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. கற்களில் இரண்டு, மேலே கடப்பாரையால் தட்டி இறக்கினதில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. குழி தோண்டி நிறுத்தி ஜல்லி போட்டு இறுக்க வேண்டியதைத் தட்டி இறக்கினால் இப்படித்தான் ஆகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெரிய குறை அடிக்கம்பி. வலைக்கு மேலேயும் நடுவிலும் கம்பி இழுத்துக் கட்டினார்கள், அடியில் கட்டவில்லை. மூன்றாம் மாதமே நாய்கள் மண்ணைப் பறித்து வலையைத் தூக்கிவிட்டன. அந்தச் சந்தில் பையன்கள் படுத்துக்கொண்டே நுழைந்தார்கள். ஒரு பையனின் சட்டை வலை முனையில் மாட்டி முதுகில் கீறல். மஞ்சள் வைத்து அனுப்பினேன், மனசு கேட்கவில்லை. மறுநாளே அடியில் ஒரு வரி கம்பி ஓட்டி, முழத்துக்கு ஒரு கட்டு போட்டோம். மூலைக்கல் சாயாமல் தாங்க முட்டுக்கல் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு வைக்காமல் விட்டு, வலை இழுத்த இழுப்பில் தென்மேற்கு மூலைக்கல் நாலு விரல் உள்ளே சாய்ந்தது. பிறகு தனியாகக் கூலி கொடுத்து முட்டு வைத்தோம்.

இப்போது கடவு. என்னைக் கேட்டால் இந்த வேலியிலேயே உருப்படியான பொருள் இதுதான்.

வேலி போடுகிறோம் என்று தெரிந்த அன்று சாயங்காலம் ஆத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். “ஏனம்மிணி, நானும் சுத்தித்தான் போவோணுமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஊர்களில் பாதையை அடைப்பது என்றால் வெறும் வேலி விவகாரமும் இல்லை. சாதி பார்த்துச் சுவர் எழுப்பி வழி மறித்த நாடு இது. மதுரைப் பக்கம் உத்தப்புரத்தில் அப்படி நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008-ல் இடித்துத்தான் வழி விட்டார்கள். எங்களுடையது பட்டா நிலம், விவகாரமும் வேறு. ஆனாலும் தெற்கு வரிசையில் ஒருவர்கூட அப்படி நினைத்துவிடக்கூடாது என்பதில் எனக்கு உறுதி இருந்தது. எங்களுக்கு வேண்டாதது சக்கரம், கால் இல்லை.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் கிளுவைச் செடி வேலிக்கு நடுவே கடவு இருந்தது. இரண்டு கல்லை நெருக்கி நட்டிருப்பார்கள், ஆள் நுழையலாம், மாடு நுழையாது. அதையே செய்துவிடலாம் என்று தோன்றியது. தடத்தைத் தோப்பின் குறுக்கே விடாமல் தெற்கு எல்லையை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒதுக்கினோம். அந்தப் பக்கம் ஓடிய லேட்டரலைப் பிடுங்கி உள்ளே மாற்றினோம். தெருப் பக்கம் ஒரு கடவு, ரோட்டுப் பக்கம் ஒரு கடவு. தடம் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே விட்டால் நாலடி போய்விடும் என்று வக்கீலும் சொன்னார்.

கல்லுக்குப் பதில் வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குலக் குழாய் வைத்துச் செய்தோம். இடைவெளி 20 அங்குலம். வேலி உயரத்துக்கே ஐந்தடி வைத்துவிட்டார் பட்டறைக்காரர். முதல் நாள் ஆத்தா புல்லுக்கட்டோடு வந்தார். கட்டு இரண்டு பக்கமும் குழாயில் மாட்டி, அவர் தலையோடு பின்னால் சாய்ந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். கட்டை இறக்கி வைத்துவிட்டு இருவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். “மேல அறுத்துப் போடு அம்மிணி, கட்டு மேலாக்கப் போயிரும்” என்று அவர்தான் சொன்னார். மூன்றரை அடிக்கு அறுத்தோம். இப்போது தலைச்சுமை குழாய்க்கு மேலே போகிறது. பைக்கின் ஹேண்டில்பார் மூன்றரை அடிக்குள் வருவதால் நேராக முட்டி நிற்கிறது. எக்ஸெல் மொபெட்டைச் சாய்த்து நுழைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சைக்கிளை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

சக்கர நாற்காலி இதில் நுழையாது. அப்படி ஒருவர் இருக்கிற தெருவாக இருந்தால் பக்கத்தில் பூட்டுப் போட்ட சின்ன கேட் ஒன்றும் வைத்து, சாவியை அவர்கள் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கடவில் தொங்கும் போர்டில் “உரிமையாளர் அனுமதியுடன் நடந்து செல்ல மட்டும். வண்டிகளுக்கு வழி இல்லை” என்று எழுதியிருக்கிறோம். எழுத்துச் செலவு 600 ரூபாய். தெற்கு வரிசையில் ஏழு வீட்டில், அனுமதியோடு நடக்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். மாமூல் தடம் என்று சொன்ன தம்பியும் போட்டான். சுலபமாக நடக்கவில்லை, இரண்டு தடவை போய் புலப்படத்தைக் காட்டிப் பேச வேண்டி இருந்தது. அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே, “நடக்கறதுக்கு விட்டாப் போதுமுங்க” என்றார்.

மதிப்பெண் கேட்டால், வலைக்கு ஐந்துக்கு நான்கு. வேலை செய்த ஆட்களுக்கு இரண்டரை. கடவுக்கு ஐந்தும் கொடுப்பேன், செலவு இரண்டுக்கும் சேர்த்து 4,800 ரூபாய்தான். லேட்டரல் குழாய் இந்த ஒன்றரை வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை. பழைய செடிகள் போன இடத்தில் புதிதாக ஒன்பது கறிவேப்பிலை வைத்து, இடுப்பு உயரம் வந்துவிட்டது.

வலையை ஒட்டி உள்பக்கம் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) அறுபது நட்டிருக்கிறோம். கிளுவை நெருங்கி வேலியாக எப்படியும் மூன்று வருடம் பிடிக்கும், அதுவரை வலை காவல் இருக்கும். நாற்பத்தி இரண்டு துளிர்த்துவிட்டது. மீதிப் பதினெட்டுக்கு வரும் மழைக்கு முன்னால் போத்து வெட்டித் தருகிறேன் என்று ஆத்தா சொல்லியிருக்கிறார். அவர் தம்பி தோட்டத்தில் பழைய கிளுவை வேலி இருக்கிறதாம்.